ஏறுமுன் நீ ஒருமுறை ஏறிப் பார், தங்கச்சி

பிள்ளைகளைச் சீகிரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று லிஸ்ட் கேட்டாய். லிஸ்ட் சின்னதுதான், முதலில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மாத்தளையிலிருந்து விடியுமுன்னே பஸ்ஸை எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் நிழலுக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, வழுக்காத செருப்பு. ஏறுமுன் எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பு. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் வந்தால் உன் பையில் நாப்கின் பக்கெற் ஒன்று இருக்கட்டும், அது இருக்கிறது என்று முன்கூட்டியே அவர்கள் காதில் போட்டு வை. ஏறக்குறைய 1,200 படிகள். உயரத்துக்குப் பயந்த பிள்ளையை "ஏறு, ஏறு" என்று நெருக்காதே. கீழே நீர்ப்பூங்காவில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சிங்கப் பாதத்துக்குப் பக்கத்தில் குளவிக்கூடுகள் உண்டு, சத்தம் போடாதே என்ற பலகையும் உண்டு. அந்தப் பலகையைப் பிள்ளைகள் சும்மா கடந்து போக விடாதே. குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போன இடம் அது.

லிஸ்ட் முடிந்தது. ஆனால் போனை வைக்கும்போது நீ சொன்ன இன்னொன்றுதான் என் மனதில் நிற்கிறது. "ஆறாம் பாடவேளைக்கு நான் போனாலே புள்ளைங்க மேசையில தலைய வச்சிர்றாங்க அக்கா. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு. எனக்கு இந்த வேலைக்கான உற்சாகமே இல்லையோ?" என்றாய். உன்னைப்போல இந்த வருடம் நியமனக் கடிதம் வாங்கிய மற்றத் தங்கச்சிமாரும் படிக்கட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன். மாத்தளை மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் 22 வருடம் வரலாறும் தமிழும் படிப்பித்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்.

நான் முதன்முதலில் பிள்ளைகளோடு சீகிரியா போன நாளைச் சொல்கிறேன். பாடநூலில் இருந்ததை நாலு பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். கி.பி. 477 முதல் 495 வரை காசியப்பன் ஆட்சி, பாறையின் உயரம் ஏறக்குறைய 200 மீற்றர், 1982இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல். நீர்ப்பூங்காவில் வெயிலில் நிறுத்திவைத்து எல்லாவற்றையும் வாசித்தேன். பிள்ளைகள் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் கீழே கிடந்த துளைபோட்ட கல்லைக் காட்டி, "இதுல தண்ணி எப்படி டீச்சர் மேல வந்துச்சு? அப்ப மோட்டர் இல்லையே?" என்று கேட்டது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, வரிசையில நில்லு" என்றேன். அந்தப் பிள்ளை பிறகு அன்று முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

உன் தொண்டையிலும் உன் சுபாவத்திலும் குறையில்லை, தங்கச்சி. நமக்கே அறிய ஆசையில்லாத ஒன்றைப் பிள்ளைக்கு ஆசையாக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். உற்சாகமாக நடிக்கப் பழகாதே, பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாடத்துக்குள் உனக்கு இன்னும் தெரியாத ஓரிடத்தைத் தேடு, அங்கிருந்து தொடங்கு.

பீலித் தண்ணீரும் சீகிரியா நீரூற்றும்

அதிபரின் கையொப்பத்துக்கு எழுதும் பாடக்குறிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். உனக்கென்று ஒரு சின்னக் கொப்பி வை. ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் ஒரே ஒரு கேள்வி எழுது, உனக்கு உண்மையாகவே விடை வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டும். "காசியப்பன் எப்போது ஆண்டான்" என்பது அந்தக் கொப்பிக்கு உரியதல்ல. "மோட்டர் இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே பீறிட்டது" என்பதற்குத்தான் அதில் இடம்.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை சொன்னது ஒரு தோட்டத்து லயத்துப் பையன். சீகிரியா போய்வந்து சில வருடத்துக்குப் பிறகு வேறொரு வகுப்பில் அந்தப் பழைய கேள்வியை நானே கேட்டேன். எனக்கும் சரியாகத் தெரியாது என்றும் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்தவன் எழும்பினான். "எங்க லயத்துப் பீலிக்கும் மோட்டர் இல்ல டீச்சர். மேல மலையில ஊத்து இருக்கு. அங்கேருந்து கறுப்பு பைப்புல வருது. பைப்பு வாய விரலால பாதி மூடினா மேல அடிக்கும்" என்றான். சீகிரியா நீரூற்றின் சூத்திரமே அதுதான். உயரத்தில் தேங்கிய நீர் நிலத்தடிக் கால்வாய் வழியாக இறங்கிவந்து, தன் அழுத்தத்தாலேயே சுண்ணாம்புக்கல் தகட்டின் துளைகளால் மேலே எழும்புகிறது. நல்ல மழைக்காலத்தில் அந்த நீரூற்றுகளில் இன்றைக்கும் தண்ணீர் வரும். 1,500 வருடத்துக்கு முந்திய பொறியியல் அந்தப் பையனின் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியும். அது பாடம் என்று மட்டும் அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இந்தப் பாடத்தை நீயும் செய்து பார். ஒன்றரை லீற்றர் போத்தலின் அடியை வெட்டி எடு. மூடியில் துளை போட்டு, மீன்தொட்டிக்குப் பாவிக்கும் மெல்லிய குழாயைச் செருகி மெழுகால் அடை. குழாயின் மறுமுனையில் பழைய பேனையின் கூர்முனையை இறுக்கிக் கட்டி, அதை நிலத்தில் மேல்நோக்கி நிறுத்து. போத்தலைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற ஒரு பிள்ளை, கதிரையில் ஏறி அதை உயர்த்த ஒரு பிள்ளை. ஊற்றுமுன் வகுப்பைக் கேள்: தண்ணீர் போத்தலின் மட்டத்தைத் தாண்டி மேலே போகுமா, போகாதா? கை தூக்கச் சொல், எண்ணிக் கரும்பலகையில் எழுது. தன் கணிப்பு கரும்பலகையில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் மேசையில் தலை வைக்காது. தண்ணீர் ஒருபோதும் போத்தலின் மட்டத்தைத் தாண்டாது. ஏன் என்று அவர்களே சண்டை பிடிக்கட்டும், நீ கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதே.

இதை முதல் நாள் இரவே வீட்டில் செய்து பார்த்துவிடு. வகுப்பில் குழாய் கழன்று விழுந்தால் பாடவேளையில் பாதி போய்விடும்.

ஏற முடியாமல் கீழே நிற்கும் பிள்ளைகளுக்கான வேலையும் இதுதான். கல்லில் எத்தனை துளை, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்திருக்கும், குளங்களில் எது உயரம் எது பள்ளம் என்று பார்த்து ஒரு படம் கீறட்டும். மேலே போனவர்கள் இறங்கி வந்ததும் அந்தப் பிள்ளைதான் எல்லோருக்கும் விளக்க வேண்டும். ஏற முடியாத பிள்ளை அன்றைக்கு டீச்சராக வீடு திரும்பட்டும்.

கணக்குப் படிப்பிக்கிற தங்கச்சிக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு பொக்கிஷம் உண்டு. காசியப்பனின் தந்தை தாதுசேனன் கட்டிய கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் ஜயகங்கைக் கால்வாய், யோத எல என்பார்கள், முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம் மட்டுமே சரிகிறது. கிலோமீற்றருக்குப் பத்துச் சென்றிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. விளையாட்டு மைதானத்தில் 100 மீற்றர் கயிறு கட்டினால் சரிவு ஒரு சென்றிமீற்றர்கூட வராது. கயிற்றைக் கட்டி, அந்தச் சரிவைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொல். முடியாது. யாராவது ஒரு பிள்ளையின் அப்பா மேசன் பாஸாக இருப்பார். அவரிடமிருந்து தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை இரவல் வாங்கி வரச் சொல். விகிதம் என்ற சொல் அன்றைக்குப் பிறகு அவர்களுக்கு மறக்காது.

கதையை எங்கே நிறுத்துவது

கதை சொல்லத் தெரியாத வரலாற்று ஆசிரியை பாவம், அவள் வகுப்பு அதைவிடப் பாவம். குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா 1930களில் எழுதிய பகல் கனவு தமிழிலும் கிடைக்கிறது, தேடிப் படி. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் வகுப்பில் மௌன விளையாட்டு வைக்கப்போய்த் தோற்றுப்போகிறார். பிறகு கதை சொல்லத் தொடங்கியதும்தான் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்காருகிறார்கள்.

தாதுசேனனின் கதையைச் சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அரியணையைப் பறித்த மகன் காசியப்பன், "உன் செல்வமெல்லாம் எங்கே?" என்று கேட்டு வருத்துகிறான். கிழவர் கலாவாவிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். தண்ணீரில் இறங்கிக் குளிக்கிறார், கையில் கொஞ்சம் நீரை அள்ளுகிறார். இந்த இடத்தில் நிறுத்து. "என்ன சொல்லியிருப்பார்?" என்று கேள். மணி அடித்தால் அடிக்கட்டும், விடையை நாளைக்குச் சொல். இந்தத் தண்ணீர்தான் என் செல்வம் என்று அவர் சொன்னதை, அடுத்த நாள் உனக்கு முந்தி ஏதோ ஒரு பிள்ளை சொல்லும். பக்கத்து வகுப்பில் கேட்டோ, அண்ணனிடம் கேட்டோ, எப்படியாவது கண்டுபிடித்து வந்திருக்கும்.

குரலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் கூடக்கூட வகுப்பும் கூடச் சத்தம் போடும். கதையின் முக்கியமான இடத்துக்கு வரும்போது குரலை இறக்கு, பிள்ளைகள் முன்னுக்குச் சரிவார்கள். கரும்பலகைக்கு முகம் காட்டிக்கொண்டு பேசாதே. வகுப்பின் நடுவுக்குப் போ, கடைசி வாங்குக்குப் பக்கத்தில் நின்று பேசு. இடையிடையே சுடுதண்ணீர் குடி. இரண்டு வாரத்துக்கு மேல் தொண்டை அடைத்தே இருந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு காலம் கடத்தாதே, டொக்டரிடம் காட்டு.

பெரியவர்களுக்கே தெரியாத கேள்வி

சீகிரியாப் பாறையில் தீட்டியிருக்கும் ஓவியப் பெண்கள் யார்? எனக்குப் பிடித்த பாடம் இதுதான், இதில் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். 1890களில் அங்கே ஆய்வு செய்த எச்.சி.பி. பெல், அவர்கள் பிதுரங்கலை விகாரைக்குப் பூக்கொண்டு போகும் அரண்மனைப் பெண்கள் என்றார். நம்மவர் ஆனந்த குமாரசுவாமி, இல்லை, அப்சரஸ்கள் என்றார். தொல்லியலாளர் செனரத் பரணவிதான, மேகமும் மின்னலும் பெண் உருவம் எடுத்தவை என்றார். தொல்லியல் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா, அவை தாரா தேவியின் உருவங்கள், சீகிரியா அரண்மனையே அல்ல, பௌத்த மடம் என்று 2002இல் புத்தகமே எழுதினார். நாலு பேரும் படித்தவர்கள், நாலு பேரும் அதே ஓவியங்களைப் பார்த்தவர்கள்.

வகுப்பை நாலாகப் பிரி. ஆளுக்கொரு கட்சி. பாடநூலிலுள்ள படத்தைப் பார்த்து ஆதாரம் தேடச் சொல்: இடுப்புக்குக் கீழே ஏன் மேகம் மாதிரி இருக்கிறது, நிறம் ஏன் இரண்டு வகை, கையில் ஏன் பூ? "சரியான விடை எது டீச்சர்?" என்று கேட்பார்கள். இன்னும் முடிவாகவில்லை என்று நேராகச் சொல். பெரியவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயத்தில் தங்களுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பாய். 13 வயதுப் பிள்ளை ஒன்று, "மேகம்னா நகை எதுக்கு?" என்று என்னை மடக்கியது. எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை, மீண்டும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ உன்னிடம் இல்லையென்று சொன்ன உற்சாகம் எனக்கு வந்தது அப்படித்தான். அந்தப் பிள்ளைதான் கொண்டுவந்து தந்தது.

அந்த ஓவியங்களில் கோடு மாறிப்போன ஒரு கையை வழிகாட்டிகள் காட்டுவார்கள். ஓவியர் முதலில் வரைந்ததைத் திருத்தியிருக்கிறார், பழைய கோடும் தெரிகிறது. பிழை விட்ட பிள்ளையிடம் இதைக் காட்டு.

"இது நம்ம கதையா டீச்சர்?"

இந்தக் கேள்வி உனக்கும் வரும். தோட்டத்துப் பிள்ளை, அனுராதபுர மன்னனின் கதையைக் கேட்டுவிட்டுக் கேட்கும். மழுப்பாதே. பஸ்ஸிலேயே பதில் இருக்கிறது. மாத்தளையிலிருந்து நாலந்தை, நாவுல, தம்புள்ளை என்று நீங்கள் போகும் இந்தத் திசையிலிருந்துதான் நம் பாட்டன் பூட்டன் நடந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக, பாதி வழியில் செத்தவர்களை விட்டுவிட்டு, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள். 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையில் வந்துதான் முடிந்தது. யன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல். மாத்தளையில் ஏறும்போதே உன் பாடம் தொடங்கிவிட வேண்டும். சீகிரியாவுக்கு வந்து இறங்கும்போது அந்தப் பிள்ளை விருந்தாளியாக இறங்கக்கூடாது.

நம் ஆட்களில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. 1960களில் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் படிப்பித்த இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்றவர்கள் லயத்துப் பிள்ளைகளிடம் உன் வாழ்க்கையும் எழுதத் தகுந்தது என்று சொன்னார்கள். மலையக எழுத்தில் ஒரு தலைமுறையே அந்த வகுப்பறைகளிலிருந்து எழும்பி வந்தது.

வகுப்புக்குள் ஒரு கண்ணாடிச் சுவர்

கண்ணாடிபோல மினுங்கத் தேய்த்த சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் போனவர் வந்தவரெல்லாம் தாம் கண்டதைக் கவிதையாகக் கீறிவைத்துப் போனார்கள். பரணவிதான அவற்றில் 685 கவிதைகளைப் படித்தறிந்து 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அரசனுடைய வார்த்தை கல்வெட்டில் கிடைக்கும். சாதாரண ஆட்கள் மலையேறிப் பார்த்து வியந்ததும் ஏங்கியதும் இப்படிக் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் இன்றைக்கு அந்தச் சுவரில் ஒரு கோடு போட்டாலும் குற்றம். 2015இல் அங்கே பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் இரண்டு வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. பிறகு ஜனாதிபதி மன்னிப்பில்தான் வெளியே வந்தார். ஆகவே போவதற்கு முதல் நாளே வகுப்பில் தெளிவாகச் சொல். தொடாதே என்பதோடு நிறுத்திவிடாமல், ஏன் என்பதையும் சொல். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் பிழை நம்முடையது.

திரும்பி வந்ததும் வகுப்புச் சுவர் ஒன்றில் பழைய கலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டு. ஆளுக்கு நாலு வரி, பார்த்ததைப் பற்றி, பிடித்தபடி. எழுத்துப்பிழையை அங்கே திருத்தாதே, சிவப்புப் பேனையை மேசை லாச்சிக்குள் வை. நீயும் நாலு வரி எழுது. பெயர் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். எழுதவே மாட்டான் என்று நீ நினைத்த பிள்ளை எழுதும். என் வகுப்பில் ஒருவன், "மேல நின்னு பாத்தேன். எங்க மலை தெரியல. ஆனா அந்தப் பக்கம்தான் இருக்குன்னு தெரியும்" என்று எழுதினான். வேறு எந்தக் கட்டுரையிலும் அவன் இரண்டு வரி தாண்டியதில்லை.

சிலபஸ் எப்படி முடியும் என்பாய். நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்தையும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். மற்றவற்றைச் சாதாரணமாகவே நடத்து, குறிப்புக் கொடு, கடந்தகால வினாத்தாள் செய்யவை. அந்த ஒரு பாடவேளைக்காக மற்றவற்றையும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

உடம்பு முடியாத நாளும் வரும். சம்பளம் போதாத மாதமும், பஸ் வராத காலையும், வீட்டில் சண்டையும் வரும். அன்றைக்கு நடிக்காதே. "இன்னைக்கு எனக்குச் சுகமில்ல, நீங்க நடத்துங்க" என்று வெண்கட்டியைப் பிள்ளையின் கையில் கொடு. மனம் விட்டுப் பேச ஆசிரியர் அறையில் ஓராளையாவது தேடிக்கொள். பாடசாலையைக் குறைசொல்லிக்கொண்டே இருப்பவர்களின் பக்கத்துக் கதிரையில் தினமும் உட்காராதே, அது ஒட்டிக்கொள்ளும்.

சுற்றுலாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை தம்புள்ளை பஸ் பிடித்துத் தனியாகச் சீகிரியா போய் வா. தம்புள்ளையில் பஸ் மாறி இனாமலுவ சந்தியில் இறங்கினால் அங்கிருந்து வாகனம் கிடைக்கும். குறிப்புப் புத்தகம் வேண்டாம். நீர்ப்பூங்காவில் அந்தத் துளைபோட்ட கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். பிறகு மேலே ஏறு. இறங்கி வரும்போது உன் மனதில் ஒரு கேள்வியாவது இருந்தால், அன்றைக்கு இரவே எனக்குப் போன் எடுத்துச் சொல். நான் விழித்திருப்பேன்.